கணவாய்ப் பாதையின் மீட்டர் கேஜ் நிலையம்: 1:87 மாதிரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவே ஓட்டு வீடு ஒன்றின் பின்னறையில், அசலை 87ல் ஒரு பங்காகச் சுருக்கிய இந்த மாதிரி ரயில் நிலையம் இருக்கிறது. கட்டியவர் நாற்பதுகளில் இருக்கும் பள்ளி ஆசிரியர். வேலை கேரளப் பக்கம், வீடு தமிழ்நாட்டுப் பக்கம். தினமும் செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிப் போய் வருகிறவர். கூட நின்றவர்கள் மூன்று பேர்: இதே பாதையில் பாயிண்ட்ஸ்மேனாக (தடம் மாற்றும் ஊழியர்) இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், பொறியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர், உள்ளூர் ஆசாரி ஒருவர். ஒயரிங் வேலைக்காக இடையில் போய்ச் சேர்ந்தவன் நான். எந்த நிலையம் என்று சொன்னால் ஆட்களும் தெரிந்துவிடுவார்கள் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். ஆரியங்காவு, இடப்பாளையம், தென்மலை என்று போகும் வரிசையில் வந்த, எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று தாண்டும் ஒரு சின்ன கிராசிங் நிலையம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) பாதை 1904ல் திறக்கப்பட்டது. அன்று செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புனலூர்–செங்கோட்டை மலைப் பகுதியில் மீட்டர் கேஜ் ஓட்டம் 2010 செப்டம்பரில் நின்றது. அகலப்பாதையாக முழுப் பாதையும் திறக்க 2018 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் லைன், பிளாட்பாரம், சிக்னல் எல்லாம் பெயர்ந்துவிட்டன. ஆக, மாதிரி கட்ட உட்கார்ந்தபோது நேரில் போய் அளந்து வர அசல் நிலையம் இல்லை. கையில் இருந்தவை சில புகைப்படங்களும் ஒரு மனிதரின் நினைவும்தான்.

முதலில் எடுத்த முடிவு: ஒரே ஒரு நாள்

ஆரம்பத்தில் ஆளுக்கொரு ஆசை. ஆசிரியருக்குச் சின்ன வயதில் பார்த்த நீராவி இன்ஜின் வேண்டும். இளைஞருக்குக் கழுதுருட்டிப் பக்கமுள்ள பதிமூன்று கண் பாலம் வேண்டும். பெரியவருக்குத் தான் வேலை பார்த்த யார்டு, அதாவது நிலையத்து லைன்களின் தொகுப்பு, வேண்டும். மூன்றையும் ஒரே பலகையில் போட்டிருந்தால் பொருட்காட்சியில் வைக்கும் ரயில் பொம்மையாகத்தான் முடிந்திருக்கும்.

பாலத்தை முதலில் விட்டார்கள். நூறு மீட்டர் அளவுள்ள பாலம் 1:87ல் 1.15 மீட்டர் பிடிக்கும். பலகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். அது நிலையத்தின் பக்கத்தில் இருப்பதும் இல்லை. அப்புறம் ஒரு நாளைக் குறித்தார்கள்: 2008 ஜூலை, சாரல் விட்ட ஒரு பிற்பகல். அந்த வருடப் படங்கள்தான் அதிகம் கிடைத்தன என்பது ஒரு காரணம். பெரியவர் அப்போது அங்கே பணியில் இருந்தார் என்பது இன்னொன்று.

நாள் குறித்ததும் பாதி விவாதம் தானாக அடங்கியது. இன்ஜின் ஒய்டிஎம்-4 டீசல், நீராவிக்கு இடமில்லை. பெட்டிகளுக்கு இளைஞர் ஏற்கெனவே செங்காவி அடித்து வைத்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் 1990களின் பிற்பகுதியிலிருந்து பெட்டிகள் நீலத்துக்கு மாறிக்கொண்டே வந்தன, 2008 படங்களில் இருந்ததும் நீலம்தான். எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி அடித்தார்கள். இந்த மாதிரிக்குக் கிடைத்த உண்மைத்தன்மையில் பெரும்பங்கு இந்த ஒரு முடிவால் வந்தது என்பது என் கணிப்பு. பிற்பாடு எந்தச் சந்தேகம் வந்தாலும் "அன்னைக்கு அப்படி இருந்ததா?" என்று கேட்டால் போதுமாக இருந்தது.

அளவும் இடமும்

1:87 அளவுக்குப் பொதுவாக விற்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. நம் மீட்டர் கேஜை அதே அளவில் சுருக்கினால் வருவது 11.5 மி.மீ. அதனால் 16.5ஐ எடுத்தால் ரயில் பெட்டிகள் அகலமான லைனில் குட்டையாக உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். மலைப் பாதையின் முகமே கெட்டுவிடும். ஐரோப்பிய மலை ரயில்களுக்கென்று செய்யப்படும் 12 மி.மீ. லைனை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். செலவு கூடியது. அரை மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை.

யார்டின் நீளம் அடுத்த சிக்கல். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்ததில், மரங்களுக்கு நடுவே பாயிண்ட்ஸ் (லைன் பிரியும் இடம்) முனைகள் அரைகுறையாகத் தெரிந்தன. முனைக்கு முனை சுமார் 400 மீட்டர். 1:87ல் அது 4.6 மீட்டர். அறையில் கிடைத்த நீளம் 3.6 மீட்டர்தான், அதிலும் இரண்டு பக்கமும் லைன் வெளியே போக இடம் விட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் கட்டடம் பொம்மை வீடாகிவிடும். எனவே கட்டடம், பிளாட்பார அகலம், லைனுக்கு லைன் உள்ள இடைவெளி, சிக்னல் உயரம் ஆகியவற்றில் கை வைக்கவில்லை. வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைனின் நீளத்தை மட்டும் குறைத்தார்கள். ஒரு பெட்டி மாதிரியில் ஏறத்தாழ 22 செ.மீ., இன்ஜின் 18 செ.மீ. ஐந்து பெட்டி, முன்னால் ஓர் இன்ஜின், மலை ஏற்றத்துக்குப் பின்னால் தள்ளும் பேங்கர் ஒன்று என்று கணக்கிட்டு, ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வண்டி நிற்க இடம் விட்டார்கள். பேங்கரை விடக் கூடாது என்பதில் பெரியவர் உறுதியாக இருந்தார். கணவாயில் வண்டி வரும் அழகே அதுதான் என்றார்.

கட்டடத்தின் அளவைப் படங்களிலிருந்து எடுத்தார்கள். பக்கத்தில் நிற்கும் பெட்டியின் நீளம் தெரிந்தது. அதைக் கோலாக வைத்துச் சன்னல், கதவு, கூரை எல்லாவற்றையும் கணக்குப் போட்டார்கள். கோணம் சாய்ந்த படங்களில் இது சரிவராது என்பதால், கட்டடத்துக்கு நேர் எதிரே நின்று எடுத்த ஒரே ஒரு படத்தை மட்டும் நம்பினார்கள்.

தண்டவாளமும் கைகாட்டியும்

வாங்கிய லைனைப் பெரியவர் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது நம்ம லைன் இல்ல தம்பி. நம்ம யார்டுல நடுவுல கட்டை தெரியாதுலா."

அவர் சொன்னது தண்டவாளத்தை அடியில் தாங்கும் ஸ்லீப்பரில் சிஎஸ்டி-9 என்ற வகையை. அதில் இரண்டு ரயிலுக்கும் (தண்டவாளக் கம்பிக்கும்) அடியில் தனித்தனி வார்ப்பிரும்புத் தட்டு இருக்கும், நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு கட்டுக் கம்பி மட்டும். சல்லி போட்ட பிறகு அந்தக் கம்பியும் மறைந்துவிடும். ஐரோப்பிய லைனில் இருந்ததோ முழுக் கட்டை. ஸ்லீப்பர்களை மாற்றுவது பெரிய வேலை. சல்லியை நடுவில் மட்டும் சற்று உயர்த்திப் போட்டுக் கட்டையை மறைத்தார்கள், அதுவே போதுமாக இருந்தது. ரயிலின் உயரமும் அதிகம்தான். கெஜத்துக்கு 75 பவுண்டு எடையுள்ள ரயில் சுமார் 129 மி.மீ. உயரம், 1:87ல் ஒன்றரை மி.மீ. வர வேண்டும். வாங்கியதோ 1.9 மி.மீ. பக்கவாட்டில் துருக்காவி அடித்து, மேல் விளிம்பில் மட்டும் பளபளப்பை விட்டதும் கண் ஏமாந்தது.

கைகாட்டி சிக்னலில்தான் இளைஞருக்கும் பெரியவருக்கும் நன்றாக முட்டிக்கொண்டது. வாங்கிய கிட்டில் (சேர்த்துக் கட்டும் பாகங்களின் பெட்டி) வந்த சிக்னல், வண்டிக்கு வழி கொடுக்கும்போது கையை மேலே தூக்கியது. அந்த நிலையத்தில் இருந்தவை கை கீழே இறங்கும் வகை. படுக்கையாக இருந்தால் நிற்க வேண்டும், சாய்ந்தால் போகலாம். கம்பி அறுந்தால் எடைக்கல் கையைத் தானாகப் படுக்கைக்குக் கொண்டுபோய்விடும். இளைஞர் அதைத் திருத்தி, சின்ன சர்வோ மோட்டார் வைத்து இயக்கிக் காட்டினார். பெரியவருக்குத் திருப்தி இல்லை.

"மிஷின் மாதிரி இறங்குதுல்லா. கேபின்ல லீவர இழுத்தா கம்பி முதல்ல இழுபடும், அப்புறம்தான் கை அசையும். இறங்கின பிறகு ஒரு குலுக்கு குலுக்கிட்டுத்தான் நிக்கும்."

"சரி தாத்தா, எத்தன குலுக்கு?"

"ரெண்டு. ரெண்டாவது சின்னது."

அந்த இரண்டு குலுக்கும் இப்போது சர்வோவின் நிரலில் இருக்கின்றன. அறைக்குள் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். கூடவே லீவர்கள் இருக்கும் கேபினிலிருந்து சிக்னல் வரை லைன் ஓரமாகக் குட்டைக் கம்பங்களில் உருளைகள் வழியாக ஓடும் இழுகம்பியையும் போட்டார்கள். மாதிரி கட்டும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மெல்லிய மீன்பிடி நரம்பில் கறுப்பு அடித்து இழுத்திருக்கிறார்கள், மிக அருகில் குனிந்தால்தான் தெரியும்.

பெரியவரின் நினைவு எல்லாவற்றிலும் இப்படித் துல்லியமாக இல்லை. கூரை ஓட்டின் நிலை, தண்ணீர்த் தொட்டி இருந்த பக்கம், பிளாட்பார விளக்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் படங்களோடு ஒத்துப்போகவில்லை. கவனித்தபோது ஒன்று புரிந்தது. அவர் கையால் செய்த வேலைகள், அதாவது லீவர், கம்பி, டோக்கன் (வண்டி போக ஓட்டுநரிடம் தரும் அனுமதி) வளையத்தை நீட்டும் இடம், பாயிண்ட்ஸைப் பூட்டும் சத்தம், இவற்றில் அவர் தவறவே இல்லை. தினமும் கண்ணில் பட்டும் வேலைக்குத் தேவைப்படாதவை கலங்கிப்போயிருந்தன. அதற்குப் பிறகு, இடம் பற்றிய கேள்விக்குப் படம், அசைவு பற்றிய கேள்விக்குப் பெரியவர் என்று பிரித்துக்கொண்டார்கள். வாக்குவாதமும் குறைந்தது.

மண்ணும் பச்சையும்

கடையில் கிடைத்த புல் தூளும் மரங்களும் வெளிநாட்டு மேய்ச்சல் நிலத்தின் பச்சையில் இருந்தன. கணவாயின் ஜூலைப் பச்சை கறுத்தது, கீழே செம்மண். எனவே மண்ணை அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்து வந்தார்கள். ஆசிரியரின் மனைவி ஒதுக்கிப் போட்ட பழைய இரும்புச் சட்டியில் போட்டு, பூச்சி முட்டை, பூஞ்சை எல்லாம் போகும் வரை வறுத்தார்கள். ஆறிய பிறகு டீ வடிகட்டியில் சலித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை மண்ணில் பல தடவை ஓட்டினார்கள். செம்மண்ணில் இரும்புத் துகள் இருக்கும். அது இன்ஜின் மோட்டாருக்குள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் போய்விடும்.

மண்ணும் சல்லியும் ஒட்ட, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை. ஊற்றும் முன் சோப்புச் சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்தால் பசை உருண்டு நிற்காமல் உள்ளே இறங்கும். பிளாட்பாரத்தில் சாரல் ஈரம் காட்ட முழுக்கப் பளபள வார்னிஷ் அடிக்காமல், பள்ளமாகத் தேய்ந்த இடங்களில் மட்டும் தொட்டு வைத்தார்கள். கல்சுவரின் பாசியும் அதே மாதிரிதான், அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மட்டும்.

தேக்குப் புதருக்குச் சாயம் ஏற்றிய மரத்தூளைப் பயன்படுத்தியது சரிவரவில்லை. அடுத்த சாரல் காலத்தில் அதில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது. பூட்டிய அறை, ஈரக் காற்று, மரத்தூள், பசை எல்லாம் சேர்ந்தால் வேறென்ன ஆகும். அதைச் சுரண்டிவிட்டு நுரைத் தூளுக்கு மாறினார்கள்.

பெயர்ப்பலகை பற்றிச் சின்ன மனத்தாங்கல் உண்டு. சுற்றி வாழ்பவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் தமிழிலும் எழுத வேண்டும் என்று ஆசிரியர் நினைத்தார். படத்தில் இருந்ததோ மலையாளம், இந்தி, ஆங்கிலம். படத்தில் உள்ளபடியே எழுதினார்கள்.

மார்ச்சில் கண்டது

லைன் போட்டது ஒரு ஜூலையில். எல்லாம் சீராக ஓடியது. அடுத்த மார்ச்சில் மெயின் லைனில் இரண்டு இடங்களில் ரயில் பக்கவாட்டில் வளைந்து நின்றது, ஒரு பாயிண்ட்ஸின் நாக்கும் பிடித்துக்கொண்டது. வண்டி அங்கே போனதும் தடம் புரண்டது.

வெயிலுக்கு ரயில் நீண்டுவிட்டது என்பதுதான் எல்லோருடைய முதல் பேச்சு. பெரியவரும் அதையே சொன்னார், அசல் லைனில் அவர் பார்த்தது அது. ஆனால் கணக்கு இடித்தது. நிக்கல் சில்வர் ரயில் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 0.017 மி.மீ. நீளும். ஓட்டு வீட்டின் அந்த அறையில் ஜூலைக்கும் மார்ச்சுக்கும் வெப்ப வித்தியாசம் ஆறேழு டிகிரிதான். 2.4 மீட்டர் நீளமுள்ள ஒரு பலகைத் துண்டுக்கு 0.3 மி.மீ.கூட வராது. வளைந்த இடங்களில் மிச்சமாக இருந்த நீளம் அதைவிடப் பல மடங்கு.

விடை ஆசாரியின் பழக்கத்தில் கிடைத்தது. சட்டம் கட்டியபோது அவர் பலகையின் இரு முனைகளிலும் திருகிய திருகாணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, பலகையின் அடியில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். லைன் போட்ட ஜூலையிலும் ஒரு தடவை அளந்து பக்கத்திலேயே எழுதியிருந்தார். மார்ச்சில் அளந்தபோது ஜூலை அளவைவிட 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் குறைந்திருந்தது. சாரலில் ஈரம் குடித்து நீண்டிருந்த பிளைவுட், வறண்ட மாதங்களில் சுருங்கிவிட்டது. பலகை நீண்டிருந்தபோது அதன் மேல் ரயிலை ஒட்டினார்கள். அது சுருங்கியபோது ரயிலுக்குப் போக இடமில்லை.

இடமில்லாமல் போனதற்குக் காரணமும் இருந்தது. மின்சாரம் தடையில்லாமல் போக வேண்டும் என்று எல்லா இணைப்புகளையும் இளைஞர் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். அவர் பார்த்த வெளிநாட்டு வீடியோக்களில் அப்படித்தான் சொன்னார்கள். வருடம் முழுவதும் ஈரப்பதம் பெரிதாக மாறாத அறைகளில் அது நடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக நேரே வந்து சாரலாக இறங்கும் இடத்தில் நடக்காது. பலகையின் அடிப்பக்கத்துக்கும் விளிம்புகளுக்கும் பிரைமர் அடிக்கச் சொல்லி ஆசாரி கேட்டிருந்தார். கண்ணில் படாத இடம் என்று அந்தச் செலவு மிச்சம் பிடிக்கப்பட்டது.

திருத்தமும் பிறகு நடந்ததும்

லைன் முழுவதையும் பிடுங்கி மறுபடி போடுவதா என்று பேசினார்கள். அப்படிச் செய்தால் சல்லி, கம்பி, பிளாட்பார ஓரம் எல்லாம் போய்விடும். எனவே வளைந்த இரண்டு துண்டுகளை மட்டும் மாற்றினார்கள். மற்ற இடங்களில் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒரு வெட்டு என்று மெல்லிய ரம்பத்தால் ரயிலை அறுத்தார்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து தனி ஒயர் கொடுக்க வேண்டியிருந்தது. என் வேலையில் பெரும்பகுதி அதுதான், குனிந்து குனிந்து முதுகு போனது. பலகையின் அடியிலும் விளிம்பிலும் பிரைமரும் வார்னிஷும் அடித்தார்கள். ஈரம் புகுவதை அது நிறுத்தாது, மெதுவாக்கும்.

அதற்கடுத்த சாரலில் இடைவெளிகள் விரிந்தன, மார்ச்சில் ஒடுங்கின. லைன் வளையவில்லை. வெட்டுகளின் மேல் சக்கரம் ஏறும்போது கேட்கும் தட்-தட் சத்தம் யாரும் திட்டமிடாமல் வந்தது. பெரியவருக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

ஓரளவு முடிந்த நிலையில் பழைய ஊழியர்கள் சிலரை அழைத்து ஓட்டிக் காட்டினார்கள். அவர்கள் வண்டியைச் சுற்றி வரும் பொம்மையாகப் பார்க்கவில்லை. அடுத்த நிலையத்திடம் லைன் கேட்டு, டோக்கன் வாங்கி, சிக்னல் போட்டு, அப்புறம்தான் வண்டியை விடச் சொன்னார்கள். ஐந்து பெட்டி வண்டி ஒன்று வந்து எதிர் வண்டிக்காக லூப்பில் நின்று கிளம்ப இருபது நிமிடம் போல ஆனது. சிறிய லேஅவுட் அப்போது பெரிதாகிவிட்டது. குறைகளும் சொன்னார்கள்: ஒய்டிஎம்-4இன் கூண்டு முப்பரிமாண அச்சில் எடுத்தது, அச்சின் அடுக்குக் கோடுகள் மூக்கில் தெரிகின்றன, பிளாட்பாரத்தில் ஆள் நடமாட்டம் அதிகம், அந்த நேரத்தில் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். பொம்மை மனிதர்களில் பாதிப் பேரை எடுத்துவிட்டார்கள். இன்ஜின் அப்படியே இருக்கிறது.

மறுபடி கட்டினால் மாற்றுபவை

லைனைப் பிப்ரவரி–மார்ச்சில், பலகை மிகவும் சுருங்கியிருக்கும்போதே போடுவார்கள். அப்போது ஒட்டினால் மழைக்காலத்தில் இடைவெளி விரியத்தான் செய்யும், ரயில் நெருக்குண்டு வளையாது. பலகையை வெட்டிய அன்றே எல்லாப் பக்கமும் அடைப்பார்கள். திருகாணி அளவை வருடத்துக்கு இரண்டு தடவை, சாரலிலும் கோடையிலும், எழுதி வைப்பது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. பலகையின் அடியில் அந்தப் பென்சில் எண்கள் இப்போது வரிசையாக இருக்கின்றன.

பெரியவரிடம் கேட்டு எழுதும் வேலையை முதல் மாதத்திலேயே முடித்திருக்கலாம் என்பது ஆசிரியரின் கருத்து. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஸ்லீப்பர் பற்றியும் குலுக்கு பற்றியும் அவர் சொன்னது, தவறான ஒன்றைக் கையில் கொடுத்தபோதுதான். வெறும் கேள்விக்கு அவர் "எல்லாம் சாதாரண ஸ்டேஷன்தான்" என்று சொல்லியிருப்பார்.

கேபினின் உள்புறம் இன்னும் காலியாக இருக்கிறது. லீவர் வரிசையைப் பெரியவர் தாளில் வரைந்து கொடுத்திருக்கிறார், எந்த எண் எந்தப் பாயிண்ட்ஸ் என்பதோடு. இந்தக் கோடையில் அதைச் செய்ய இளைஞர் பித்தளைக் கம்பி வாங்கி வைத்திருக்கிறார்.